பந்து மாறியபோதெல்லாம் கோல்ஃபும் மாறியது

கோல்ஃபின் வரலாற்றைத் தேடிப் போனால் பெரும்பாலும் கையில் கிடைப்பது வெற்றியாளர்களின் பட்டியல்தான். எந்த ஆண்டு யார் ஜெயித்தார், எத்தனை முறை பந்தை அடித்து ஜெயித்தார் என்று பக்கம் பக்கமாக நீளும். ஆட்டத்தையே அறியாத ஒருவருக்கு அதில் பிடி கிடைப்பது கடினம். அவருக்கு நான் காட்ட விரும்புவது பழைய பொருள்களை: ஓவியங்கள், மட்டைகள், பந்துகள், பரிசுக் கோப்பைகள். இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து வந்தால் ஒரு விஷயம் துலங்கும். பந்து எதனால் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தே மட்டையின் வடிவமும், ஆடுகிறவர்களின் வசதியும், மைதானத்தின் நீளமும் மாறி வந்திருக்கின்றன.

முதலில் ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திறந்த புல்வெளியில் பந்தை வைத்து, நீண்ட மட்டையால் அடித்து, சில நூறு கெஜம் தள்ளியிருக்கும் சிறு குழிக்குள் எத்தனை குறைந்த அடிகளில் போடுகிறோம் என்பதே போட்டி. இன்று முழு ஆட்டத்துக்கு 18 குழிகள். தூரமாக அடிக்க ஒரு மட்டை, மணலிலிருந்து பந்தை எடுக்க ஒன்று, குழியருகே மெல்லத் தட்டிவிட ஒன்று என்று 14 மட்டைகள் வரை கொண்டுபோகலாம். கடைசியாகச் சொன்ன அந்தத் தட்டும் மட்டைக்குப் பட்டர் என்று பெயர்.

தடைச் சட்டமும் வில் செய்பவரும்

ஸ்காட்லாந்தில் இந்த ஆட்டத்தைப் பற்றிக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துச் சான்று, அதைத் தடை செய்த சட்டம். 1457-இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் நாடாளுமன்றம் கால்பந்தையும் கோல்ஃபையும் சேர்த்தே தடை செய்தது. இங்கிலாந்தோடு பகை ஓயாத காலம் அது. வில் பழக வேண்டிய இளைஞர்கள் பந்தடித்துக்கொண்டிருந்தது அரசுக்குக் கவலையாக இருந்தது. 1471-இலும் 1491-இலும் அதே தடையைத் திரும்பப் பிறப்பிக்க வேண்டி வந்தது, ஆட்டம் நிற்கவில்லை.

1502-இல் இங்கிலாந்தோடு சமாதான உடன்படிக்கை ஏற்பட்டது. அதே ஆண்டு நான்காம் ஜேம்ஸ் மன்னருக்காகப் பெர்த் நகரத்து வில் செய்பவரிடம் 14 ஷில்லிங்குக்கு மட்டைகள் வாங்கியதாக அரண்மனைக் கணக்கில் எழுதியிருக்கிறது. வளைய வேண்டும், ஒடியக் கூடாது என்ற பதத்தில் மரத்தை இழைக்கத் தெரிந்தவர் வில் செய்பவர். போர் குறைந்தபோது அந்தக் கைத்திறன் அப்படியே விளையாட்டுக்கு வந்து சேர்ந்தது. மட்டைத் தொழிலின் வேர் இங்கே இருக்கிறது.

ஓவியங்களைத் தேடினால் ஸ்காட்லாந்தைவிட நெதர்லாந்துப் பக்கம்தான் முதலில் நிறையக் கிடைக்கின்றன. 1540-ஐ ஒட்டி ப்ரூஜ் நகரத்து நுண்ணோவியர் சைமன் பெனிங்கின் பட்டறையில் உருவான ஒரு ஜெபப் புத்தகம் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதில் செப்டம்பர் மாதப் பக்கத்தின் அடியில் சிலர் மட்டையும் பந்துமாக நிற்கிறார்கள். 17-ஆம் நூற்றாண்டில் ஹென்ட்ரிக் அவர்காம்ப் வரைந்த பனிக்கால ஓவியங்களில் உறைந்த ஆற்றின்மேல் ஊரே திரண்டிருக்கும். அந்தக் கூட்டத்தில் எங்கோ ஒருவர் மட்டையை ஓங்கிக்கொண்டிருப்பார். 1654-இல் ரெம்ப்ராண்ட்கூட இந்த ஆட்டத்தை ஒரு செதுக்கோவியமாகச் செய்திருக்கிறார்.

நெதர்லாந்தில் இதற்குக் 'கோல்ஃப்' போலவே ஒலிக்கும் பெயர் உண்டு. அதனால் எது முதல் என்ற வழக்கு முடியாமல் நடக்கிறது. என் கணிப்பில் அந்த வழக்கைவிட வடகடலைத் தாண்டிய வணிகம் முக்கியம். 1618-இல் ஆறாம் ஜேம்ஸ் மன்னர், ஜேம்ஸ் மெல்வில் என்பவர் தரப்புக்கு 21 ஆண்டுகள் பந்து செய்யும் தனியுரிமை கொடுத்தார். பந்து வாங்குவதற்காக ஆண்டுதோறும் பொன்னும் வெள்ளியும் ஹாலந்துக்குப் போய்விடுகிறது என்பதே அதற்கு அவர் சொன்ன காரணம். இரண்டு கரையிலும் மட்டையால் பந்தடித்தார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் கடலோர மணற்புல்வெளியில் தோண்டிய குழியை இலக்காக வைத்துக்கொண்டார்கள். நாம் இன்று பார்க்கும் ஆட்டம் அந்தக் குழியிலிருந்து வந்தது.

ஒரு தொப்பி நிறைய இறகு

அந்தக் காலத்துப் பந்தை ஃபெதரி என்பார்கள். கோல்ஃப் பழம்பொருள்களில் என்னை மிகவும் ஈர்ப்பது இதுதான். இதைச் செய்த விதத்தைத் தெரிந்துகொண்டால் ஆட்டத்தின் முதல் சில நூற்றாண்டுகள் மொத்தமாகப் புரிந்துவிடும்.

பதப்படுத்திய தோலை இரண்டு வட்டம், ஒரு பட்டை என மூன்று துண்டுகளாக வெட்டி ஈரமாக இருக்கும்போதே தைப்பார்கள். ஒரு சிறு வாய் மட்டும் விட்டு, அதன் வழியாக உள்பக்கத்தை வெளியே திருப்புவார்கள். அப்போதுதான் தையல் உள்ளே மறையும். பிறகு வேகவைத்த வாத்து அல்லது கோழி இறகை அந்த வாய் வழியே திணிக்க வேண்டும். எவ்வளவு என்றால், கனவான்கள் அணியும் உயரத் தொப்பி ஒன்று நிறைய. விரல் பலம் போதாது. இரும்புக் கம்பியின் ஒரு முனையைப் பந்தில் செருகி, மறுமுனையில் பொருத்திய கட்டையை நெஞ்சில் முட்டுக்கொடுத்து, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு அழுத்துவார்கள். வாயைத் தைத்துக் காயவைத்தால் உள்ளே இறகு விரியும், வெளியே தோல் சுருங்கும். இரண்டும் எதிரெதிராக இறுக்கும்போது பந்து கல்லாகிவிடும். மேலே வெள்ளைப் பூச்சு.

கைதேர்ந்தவருக்கே ஒரு நாளில் மூன்று அல்லது நான்கு பந்துதான் தேறும். நாள் முழுக்க இறகுத்தூசியைச் சுவாசித்து, நெஞ்சால் கம்பியை அழுத்தும் வேலை அது. ஸ்காட்லாந்தின் கடலோர ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில், பந்து செய்பவரும் ஆட்டக்காரருமான ஆலன் ராபர்ட்சனின் பட்டறை 1844-இல் 2,456 பந்துகளைச் செய்தது. மிகச் சிறிய பட்டறை அது. அந்த எண்ணைப் பார்க்கும்போது எனக்கு அங்கே இருந்தவர்களின் மார்புக்கூடுதான் நினைவுக்கு வருகிறது.

பந்து நன்றாகவே பறந்தது. 1836-இல் சாமுவேல் மெஸ்ஸியூ என்பவர் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஃபெதரியை 361 கெஜம் அடித்தது பதிவாகியிருக்கிறது. ஆனால் மழையில் நனைந்தால் ஊறிக் கனத்துவிடும், தையல் விட்டுவிடும். இரும்பு மட்டையின் விளிம்பு பட்டால் தோல் கிழியும். விலையோ ஒரு பந்துக்கு 2 முதல் 5 ஷில்லிங் வரை. ஒரு நாள் ஆட்டத்தில் சில பந்துகள் வீணாகும் என்றால் யாரால் ஆட முடியும்? நிலமும் வருமானமும் உள்ளவர்களால் மட்டும். 1744-இல் எடின்பரோவுக்குப் பக்கத்தில் லீத்தில் கூடி முதன்முதலாக 13 விதிகளை எழுதிவைத்த சங்கத்தார் அத்தகைய கனவான்கள்தான். எடின்பரோ நகராட்சி கொடுத்த வெள்ளி மட்டைக்காக அவர்கள் போட்டியிட்டார்கள். ஜான் ராட்ரே என்ற மருத்துவர் ஜெயித்தார். பின்னர் ஜெயித்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு வெள்ளிப் பந்தை அந்த மட்டையில் கோத்துத் தொங்கவிடுவது வழக்கமாயிற்று.

அந்த உலகத்தின் கடைசிக் கணத்தைச் சார்ல்ஸ் லீஸ் 1847-இல் வரைந்து வைத்திருக்கிறார். 'தி கோல்ஃபர்ஸ்' என்ற அந்தப் பெரிய ஓவியம் ஸ்காட்லாந்தின் தேசியக் காட்சியகத்தில் இருக்கிறது. செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் ஓர் இரட்டையர் ஆட்டம். பந்து குழியை நோக்கி உருண்டுகொண்டிருக்கிறது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் சுற்றி நின்று கழுத்தை நீட்டிப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு முகமும் உண்மையான ஒருவருடையது. ஜிஞ்சர் பீர் விற்கும் பெண்ணும் கூட்டத்தில் இருக்கிறாள். ஆலன் ராபர்ட்சனும் இருக்கிறார். புகைப்படம் புதிதாக வந்த காலம் என்பதால் ஹில், ஆடம்சன் இருவரும் எடுத்த படங்களை லீஸ் துணைக்கு வைத்துக்கொண்டார். மட்டைகளைக் கவனியுங்கள்: தலை நீண்டு, ஒடுங்கி, மூக்கு போல இருக்கும். ஃபெதரிக்காகவே பிறந்த வடிவம் அது. ஓவியம் முடிந்த மறு ஆண்டே அந்தப் பந்துக்கு முடிவுகாலம் வந்துவிட்டது.

மலாயாக் காட்டுப் பால்

புதிய பந்தின் மூலப்பொருள் ஆசியாவிலிருந்து போனது. மலாயா, சுமத்ரா காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால் இறுகிக் கிடைக்கும் பொருள் கட்டா பெர்ச்சா. வெந்நீரில் போட்டால் பிசைந்த மாவாக இளகும், ஆறினால் கெட்டியாகும். சிங்கப்பூரில் பணியாற்றிய வில்லியம் மான்ட்கோமரி என்ற மருத்துவர் 1843-இல் இதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகப் பெருமளவில் பயன்பட்டதும் இதுவே. அந்தத் தேவைக்காகக் காடு காடாக மரங்கள் வெட்டப்பட்டன.

இது கோல்ஃபுக்கு வந்த விதம் பற்றி செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒரு கதை வழங்கிவருகிறது. ஆசியாவிலிருந்து பேட்டர்சன் என்ற பாதிரியார் வீட்டுக்கு ஒரு விஷ்ணு சிலை வந்ததாம். உடையாமலிருக்கச் சுற்றிலும் கட்டா பெர்ச்சாச் சீவல்களை அடைத்திருந்தார்களாம். அந்த வீட்டுப் பையன் ராபர்ட் சீவல்களை உருக்கி உருண்டையாக்கிப் பந்தடித்துப் பார்த்தானாம். கதை எப்படியிருந்தாலும் 1848 முதல் கட்டா பந்து பரவலாக ஆட்டத்துக்கு வந்துவிட்டது. விலை ஏறக்குறைய ஒரு ஷில்லிங். நசுங்கினால் வெந்நீரில் போட்டுத் திரும்ப உருட்டிக்கொள்ளலாம். மழைக்குப் பயமில்லை.

ஆலன் ராபர்ட்சனுக்கு இது வயிற்றுப்பாட்டுப் பிரச்சினை. அவரிடம் தொழில் கற்ற டாம் மாரிஸ் ஒருநாள் சேடல் ஜமீன்தார் ஜான் கேம்ப்பெலுடன் ஆடிக்கொண்டிருந்தார். கைவசம் இருந்த பந்துகளெல்லாம் தொலைந்துவிட, கேம்ப்பெல் ஒரு கட்டா பந்தைக் கொடுத்தார். மாரிஸ் அதை அடித்துக்கொண்டு வந்ததை ராபர்ட்சன் பார்த்துவிட்டார். வாக்குவாதம் முற்றி இருவரும் பிரிந்தார்கள். இதைப் பிற்காலத்தில் மாரிஸே சொல்லியிருக்கிறார். லீஸின் ஓவியத்தில் ஆடும் நால்வரில் இந்தக் கேம்ப்பெலும் ஒருவர். கூட்டத்தில் ராபர்ட்சன் நிற்கிறார். அந்தப் படத்தை இந்தச் சேதியோடு பார்க்கும்போது அதன் பொருளே கனத்துவிடுகிறது. ராபர்ட்சனும் கடைசியில் கட்டா பந்துக்கு மாறினார். 1858-இல் அவர் அதே மைதானத்தை 79 அடியில் முடித்தார். 80-க்குக் கீழே வந்த முதல் ஆட்டம் அது.

வழுவழுவென்று இருந்த புதிய கட்டா பந்து சரியாகப் பறக்கவில்லை. அடிபட்டு வடு விழுந்த பழைய பந்து நன்றாகப் பறந்தது. அதைக் கவனித்தவர்கள் வேண்டுமென்றே சுத்தியலால் கோடு கொத்த ஆரம்பித்தார்கள். பின்னர் அச்சிலேயே கோடுகளும் முண்டுகளும் வந்தன. இன்றைய பந்தில் இருக்கும் சிறு பள்ளங்களுக்கு 1905-இல் இங்கிலாந்தில் வில்லியம் டெய்லர் காப்புரிமை பெற்றார். ஆகவே பழைய பந்து ஒன்று கிடைத்தால் முதலில் மேற்பரப்பைப் பாருங்கள். காலம் அதில் எழுதியிருக்கும்.

மட்டைக்கு நடந்ததை இனிச் சொல்லலாம். ஃபெதரிக் காலத்தில் ஹியூ ஃபில்ப் என்ற தச்சர் செயின்ட் ஆண்ட்ரூஸில் செய்த மட்டைகளைச் சேகரிப்பாளர்கள் இன்றும் வயலின் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரியின் படைப்புகளுக்கு ஒப்பாகச் சொல்கிறார்கள். முள்மரம், ஆப்பிள், பேரி மரங்களில் தலை; முதுகில் குடைந்து ஊற்றிய ஈயம்; தரையில் உராயும் விளிம்பில் ஆட்டுக்கிடாயின் கொம்புத் துண்டு; ஆஷ் என்ற மரத்தில் தண்டு. அந்த மெல்லிய தலை கட்டா பந்தின் கடினத்தைத் தாங்கவில்லை, பிளந்தது. எனவே தலை குட்டையாகி உருண்டது, கழுத்து தடித்தது. தண்டுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த ஹிக்கரி மரமே நிலைத்தது. இரும்பு பட்டால் கிழியும் தோல் இனி இல்லையே; இரும்புத் தலை மட்டைகள் பெருகின. கொல்லர்களுக்குப் புது வாழ்வு வந்தது. பந்து மலிவானதால் கடைக்காரரும் எழுத்தரும் ஆட வந்தார்கள்.

அடுத்த பெரிய மாற்றம் அமெரிக்காவில் நடந்தது. ஓஹாயோவின் ஆக்ரன் நகரில் கோபர்ன் ஹாஸ்கெல், பெர்ட்ரம் வொர்க் இருவரும் ரப்பர் நூலை இறுக்கிச் சுற்றி அதன்மேல் உறை போட்ட பந்தை 1898-இல் உருவாக்கினார்கள். மறு ஆண்டு காப்புரிமை கிடைத்தது. துள்ளலும் தூரமும் கூடிய பந்து. 1902-இல் ஹாய்லேக்கில் நடந்த, பிரிட்டனின் முதன்மைக் கோல்ஃப் போட்டியான ஓபன் போட்டியில் சாண்டி ஹெர்ட் அதை வைத்து ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் ஜெயித்ததும் கட்டா பந்தின் காலம் முடிந்தது. தூரம் கூடியதால் பழைய மைதானங்கள் குட்டையாகத் தெரிந்தன, நீட்ட வேண்டியதாயிற்று. இரும்புத் தலையின் முகத்தில் பந்தைச் சுழலவைக்கும் கோடுகளும் புள்ளிகளும் இந்தக் காலத்தில்தான் வழக்கமாயின.

மட்டையைச் சுமந்தவர்

லெமுவேல் ஃப்ரான்சிஸ் ஆபட் வரைந்த 'பிளாக்ஹீத் கோல்ஃபர்' ஓவியத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். ஹோட்டல் சுவர்களில் அதன் பிரதி தொங்கும். சிவப்புக் கோட்டில் மட்டையைத் தோளில் சாய்த்து நிற்பவர் லண்டன் பிளாக்ஹீத் சங்கத்தின் வில்லியம் இன்னஸ். பொதுவெளியில் நடப்பவர்கள் தூரத்திலேயே பார்த்து ஒதுங்கட்டும் என்பதற்காகவும் அந்தச் சிவப்பு. மூல ஓவியம் இன்று இல்லை. 1857 கிளர்ச்சியின்போது லக்னோவில் அழிந்துபோனதாகச் சொல்லப்படுகிறது. 1790-இல் வாலன்டைன் கிரீன் செய்த செப்புத்தகட்டு அச்சுதான் அதைக் காப்பாற்றித் தந்திருக்கிறது.

என் கண் எப்போதும் பின்னால் நிற்பவரிடம் போகிறது. கிரீனிச் மருத்துவமனையின் ஆதரவில் வாழ்ந்த முன்னாள் கடற்படை வீரர் அவர். மட்டைகளைக் கட்டாக அக்குளில் இடுக்கிக்கொண்டிருக்கிறார். பை என்ற ஒன்று புழக்கத்துக்கு வர இன்னும் பல பத்தாண்டுகள் இருக்கின்றன. சட்டைப்பையிலிருந்து ஒரு புட்டி எட்டிப் பார்க்கிறது. மட்டை சுமப்பவரைக் கேடி என்பார்கள். இந்த ஆட்டத்தின் அறிவு பெரும்பாலும் அவர்களிடம்தான் இருந்தது. 1680களில் லீத்தில் யார்க் கோமகனுக்காகச் சிறுவயதில் மட்டை சுமந்த ஆண்ட்ரூ டிக்சன் பின்னாளில் மட்டை செய்பவரானார். அவர் செய்ததாகக் கருதப்படும் ஒரு பட்டர் 2007-இல் நியூயார்க்கில் 1,81,000 டாலருக்கு ஏலம் போனது.

கேடிகளும் மட்டைத் தொழிலாளர்களும்தான் முதல் தொழில்முறை ஆட்டக்காரர்கள். 1860-இல் ப்ரெஸ்ட்விக்கில் எட்டுப் பேர் மட்டும் ஆடிய முதல் ஓபன் போட்டியின் பரிசு, வெள்ளித் தகடு பதித்த சிவப்புத் தோல் இடுப்புப்பட்டை. தொடர்ந்து மூன்று முறை ஜெயிப்பவர் அதை வீட்டுக்கே எடுத்துப் போகலாம். டாம் மாரிஸின் மகன், அதே பெயர் கொண்ட இளைய டாம், 1868, 1869, 1870 மூன்று ஆண்டும் ஜெயித்து எடுத்துப் போய்விட்டார். 1871-இல் கொடுக்கப் பரிசில்லாமல் போட்டியே நடக்கவில்லை. பிறகு மூன்று சங்கங்கள் ஆளுக்கு 10 பவுண்டு போட்டுச் செய்வித்த வெள்ளிக் கூஜாதான் இன்றும் புகழோடு இருக்கும் கிளாரட் ஜக். 1872-இலும் இளைய டாமே ஜெயித்ததால் அதில் பொறித்த முதல் பெயர் அவருடையது. கூஜா தயாரானது அடுத்த ஆண்டுதான். 1875 கிறிஸ்துமஸ் அன்று, 24 வயதில் அவர் இறந்தார். இடுப்புப்பட்டையைப் பின்னர் குடும்பத்தார் செயின்ட் ஆண்ட்ரூஸுக்கே கொடுத்துவிட்டார்கள்.

கையில் ஒரு பழைய மட்டை வந்தால்

ஆங்கிலேயர்கள் போன இடமெல்லாம் மட்டையும் போனது. கொல்கத்தாவில் 1829-இலும், கொழும்பில் 1879-இலும், கொடைக்கானலில் 1895-இலும் கோல்ஃப் சங்கங்கள் தோன்றிவிட்டன. எனவே ஹிக்கரி மட்டை ஒன்று நம் பக்கத்துப் பழைய பொருள் கடையிலும் தலைகாட்டலாம்.

முதலில் தண்டில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். எஃகுத் தண்டுகளை அமெரிக்கா 1924-இலும் பிரிட்டன் 1929-இலும் அனுமதித்தன. மரத்தில் பழகிய கண்களுக்காக முதல் எஃகுத் தண்டுகள் பலவற்றுக்குப் பழுப்பு உறை போட்டார்கள். கண் ஏமாறும், காந்தம் ஏமாறாது. அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ் 1930-இல் ஒரே ஆண்டில் நான்கு பெரிய போட்டிகளையும் வென்றது ஹிக்கரித் தண்டுகளோடுதான். அதன்பின் எஃகுக்கு எதிர்ப்பே இல்லை. மட்டைகள் மேஷி, நிப்லிக், கிளீக் என்ற பெயர்களை இழந்து எண்களாக மாறியதும் அதை ஒட்டித்தான். தலையில் இந்தப் பெயர்களில் ஒன்று இருந்தால் ஹிக்கரிக் காலத்து மட்டையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இரும்புத் தலையின் முகம் வழுவழுவென்றிருந்தால் அது 20-ஆம் நூற்றாண்டுக்கு முந்தியதாக இருக்கலாம். பின்புறம் கொல்லரின் குறி இருக்கும். புகைக்குழாய்ச் சின்னம் செயின்ட் ஆண்ட்ரூஸின் டாம் ஸ்டூவர்ட்டுடையது. ஜோன்ஸ் விரும்பி வாங்கியவை அவருடைய இரும்புகள். நட்சத்திரம் என்றால் கிங்ஹார்னின் வில்லியம் கிப்சன். விரித்த கை என்றால் லெவனின் ஜார்ஜ் நிக்கல். ஃபில்பின் பெயர் பொறித்த மரத்தலைகளில் மட்டும் எச்சரிக்கை தேவை. அந்தப் பெயருக்குக் கிடைக்கும் விலைக்காகப் போலி முத்திரைகள் குத்தப்பட்டிருக்கின்றன. பிளாக்ஹீத் அச்சுப்படமும் அப்படியே: சந்தையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை பிற்காலப் பிரதிகள்.

தயவுசெய்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், வார்னிஷ் அடிக்காதீர்கள். கருத்த இரும்பின் மேல்தோலோடு சேர்ந்து கொல்லரின் குறியும் போய்விடும். உலர்ந்த துணியால் தூசியைத் துடைத்து, ஈரம் படாத இடத்தில் கிடத்திவைத்தால் போதும். அதோடு, யாரிடமிருந்து, எந்த ஊரில், எந்த வீட்டிலிருந்து கிடைத்தது என்று ஒரு தாளில் எழுதித் தண்டோடு கட்டிவையுங்கள். 1934-இல் அமெரிக்காவின் முதல் மாஸ்டர்ஸ் போட்டியை வென்ற ஹார்ட்டன் ஸ்மித்தின், அந்தப் போட்டியின் வெற்றியாளர்களுக்குரிய பச்சைக் கோட்டு 2013-இல் 6,82,000 டாலருக்கு மேல் விலைபோனது, அது யாருடையது என்று காட்ட முடிந்ததால்தான்.